தரங்கம்பாடியில் ஒரு பகல்: நான்கு பெரியவர்களும் இரண்டு சிறு குழந்தைகளும்

கும்பகோணத்தில் வசிப்பவர்களுக்குப் பழைமையான இடங்களுக்குப் பஞ்சமில்லை. தாராசுரம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கோ கங்கைகொண்ட சோழபுரத்துக்கோ காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். இருந்தாலும், ஓடத் தெரிந்து நிற்கத் தெரியாத வயதில் உள்ள குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு முழுப் பகலைக் கழிப்பதற்கு இந்தக் கோயில்கள் ஒத்துவருவதில்லை. வெயில் ஏறியபின் கருங்கல் தளம் பிஞ்சுக் கால்களைச் சுடுகிறது. செருப்புப் போட்டு நடக்கவும் வழியில்லை. அதனால் குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே போகலாம் என்ற பேச்சு வந்தபோது நான் தரங்கம்பாடியைச் சொன்னேன். 1620 முதல் 1845 வரை, ஆங்கிலேயர் இடையில் கைப்பற்றி வைத்திருந்த சில ஆண்டுகள் நீங்கலாக, டென்மார்க்கின் கொடி பறந்த ஊர் அது. காவிரிப் படுகையை விட்டு வெளியேறாமலேயே ஓர் அயல்நாட்டுப் பழைய நகரத்தின் வீதியில் நடந்துவிட்டு வரலாம், அதுவும் செருப்புடன்.

போனவர்களில் பெரியவர்கள் நான்கு பேர்: நான், என் கணவர், மாமியார், ஓரகத்தி. என் மகனுக்கு இரண்டரை வயது. ஓரகத்தியின் மகளுக்கு ஒன்றரை. இந்த ஒரு வயது வேறுபாடு வீட்டில் இருக்கும்போது பெரிதாகத் தெரியாது, ஆனால் வெளியூரில் எல்லாவற்றையும் அதுதான் தீர்மானிக்கிறது. சிறியவளுக்கு முற்பகலில் ஓர் உறக்கமும் பிற்பகலில் ஓர் உறக்கமும் வேண்டும். பெரியவனுக்குப் பகலில் ஒரே உறக்கம்தான், அது தவறினால் மாலை முழுவதும் அழுகை. ஆகவே பார்க்க வேண்டிய இடங்களைக் குறிப்பதற்கு முன்பு, இருவரும் வழக்கமாக உண்ணும் நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தேன். சிறியவளின் முற்பகல் உறக்கத்தை வண்டியிலேயே முடித்துவிட்டால், இருவரும் ஒருசேர விழித்திருந்து, வயிறும் நிறைந்து, நல்ல மனநிலையில் இருக்கக்கூடிய வேளை காலையில் 9 முதல் 11 வரையும் மாலையில் 4 முதல் 5.30 வரையும் என்று தெரிந்தது. அந்த மூன்றரை மணி நேரத்துக்குள் அடங்குவதுதான் சுற்றுலா. மற்ற நேரமெல்லாம் வீட்டு வேலையை வேறோர் ஊரில் வைத்துச் செய்வதுதான். இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டால் பெரியவர்களுக்குள் மனத்தாங்கல் வராது.

போகும் மாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் அதோடு வரும் புயல் சின்னங்களும் இந்தக் கடற்கரையில் எந்த நாளையும் கெடுத்துவிடக்கூடும். சித்திரை, வைகாசி மாதங்களில் சிறு குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வரவே வேண்டாம் என்பது என் கருத்து. கடற்கரை ஊர் என்பதால் வெப்பம் குறையும் என்று எண்ணுபவர்கள் காற்றில் இருக்கும் ஈரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. தையும் மாசியும்தான் பொருத்தமான மாதங்கள். நாங்கள் தை மாதத்தில், முகூர்த்தம் இல்லாத ஒரு வார நாளில் போனோம். முகூர்த்த நாளைத் தவிர்த்ததற்குக் காரணம் தரங்கம்பாடி அல்ல, வழியில் இருக்கும் திருக்கடையூர். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து குத்தாலம், மயிலாடுதுறை, செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடி ஏறத்தாழ 65 கிலோமீட்டர். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் ரயிலே இருந்தது. 1926-ல் திறந்த அந்த மீட்டர்கேஜ் பாதையை 1986-ல் மூடிவிட்டார்கள். மாமியார் சிறுமியாக இருந்தபோது அதில் பயணம் செய்திருக்கிறார். அந்தப் பாதை மட்டும் இன்று இருந்திருந்தால் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதைவிட வசதியான வழி இருக்க முடியாது, ஏனென்றால் ரயிலில்தான் குழந்தை எழுந்து நடக்கலாம். இப்போது மயிலாடுதுறை வரை ரயிலிலும் அதன்பின் பேருந்திலும் போகலாம் என்றாலும், மூட்டை முடிச்சுகளோடும் கைக்குழந்தையோடும் நடுவில் மாறி ஏறுவது சிரமம் என்பதால் வாடகைக் கார் அமர்த்திக்கொண்டோம். வாடகை வண்டிகளில் குழந்தைகளுக்கான தனி இருக்கை இருப்பதில்லை. எங்களிடம் இருந்த ஒன்றை நாங்களே எடுத்துப்போய்ப் பின்சீட்டில் பொருத்தினோம், சிறியவளுக்காகத் தெரிந்த வீட்டில் ஒன்றை இரவல் வாங்கினோம். மடியில் வைத்துக்கொள்ளலாமே என்று ஓட்டுநர் சொன்னார். திடீரென்று பிரேக் போடும்போது எந்தக் கையாலும் ஒரு குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது என்பதால் அதற்கு நாங்கள் உடன்படவில்லை. இரண்டு இருக்கைகளுக்கும் இடம் வேண்டியிருந்ததால் ஏழு பேர் அமரும் பெரிய வண்டியாகத்தான் கேட்டு வாங்கினோம்.

புறப்படுவதற்கு முன் பால் கொடுக்கவில்லை. வெறும் வயிற்றில் அனுப்பக்கூடாது என்று மாமியார் சற்று வருத்தப்பட்டார். ஆனால் பால் குடித்த வயிற்றோடு வளைவுகள் நிறைந்த சாலையில் போனால் பெரியவனுக்கு வாந்தி வரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாதி இட்லியும் ஒரு சிறிய பூவன்பழமும் கொடுத்து, காலை 6.30-க்குக் கிளம்பினோம். நினைத்தபடியே சிறியவள் குத்தாலம் தாண்டியதும் உறங்கிவிட்டாள்.

தரங்கம்பாடியின் பழைய நகரம் குழந்தைகளுக்கு ஏற்றதாக இருப்பதற்கு முக்கியமான காரணம் அதன் அளவு. 1792-ல் புதுப்பித்துக் கட்டிய நுழைவாயிலில் இறங்கினால், அங்கிருந்து ராஜ வீதி நேராகக் கடலை நோக்கிப் போகிறது. மொத்தம் அரைக் கிலோமீட்டர் அளவே இருக்கும். வண்டிப் போக்குவரத்து குறைவு. நாங்கள் வேண்டுமென்றே கோட்டை வரை காரில் போகாமல் வாயிலிலேயே இறங்கி, ஓட்டுநரை வண்டியோடு கடற்கரைத் திடலுக்கு அனுப்பிவிட்டோம். பெரியவர்கள் பத்து நிமிடத்தில் நடக்கும் அந்தத் தூரத்துக்கு எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பெரியவன் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையையும் ஏறி இறங்கினான். ஓர் ஆட்டுக்குட்டியைப் பின்தொடர்ந்து வந்த வழியே திரும்பிப் போனான். பழைய கதவின் பித்தளைக் குமிழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டான். அவனை இழுத்துக்கொண்டு கோட்டைக்கு ஓடுவதைவிட, அந்த நேரத்தை வீதியைப் பார்ப்பதற்கு நாங்கள் பயன்படுத்திக்கொண்டோம். உயர்ந்த தூண்களும் சுண்ணாம்புச் சுவர்களும் தனியாக வந்து அவசரமாகப் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது. தள்ளுவண்டியைக் கொண்டு வருபவர்களுக்கு இந்த வீதி ஒன்றுதான் பயன்படும்; கோட்டையின் படிகளிலும் கடற்கரை மணலிலும் அது வெறும் சுமை. நாங்கள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு பழைய பருத்திப் புடவையை எடுத்துப்போனோம். தோளில் குறுக்காகக் கட்டிச் சிறியவளை இடுப்பில் தாங்கவும், நிழலுக்கு மேலே பிடிக்கவும், கீழே விரிக்கவும், உறங்கும்போது போர்த்தவும் அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

ராஜ வீதியில் இரண்டு தேவாலயங்கள் இருக்கின்றன: 1701-ல் கட்டிய சீயோன் ஆலயமும், 1718-ல் ஜெர்மானிய மறைப்பணியாளர் சீகன்பால்கு காலத்தில் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும். 1706-ல் இந்தக் கரையில் வந்திறங்கி, தமிழ் கற்று, அச்சகம் அமைத்து, 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த சீகன்பால்குவின் கல்லறை இரண்டாவது ஆலயத்துக்குள்தான் இருக்கிறது. அச்சு வரலாற்றில் ஆர்வம் உள்ள எனக்கு அங்கே நெடுநேரம் நிற்க ஆசைதான். ஆனால் அமைதியாக இருக்க வேண்டிய இடத்துக்கு இந்த வயதுக் குழந்தைகளைக் கூட்டிப்போவது அங்கு வழிபடுகிறவர்களுக்கும் நமக்கும் தொல்லை. வெளியே நின்று, முகப்பில் இருக்கும் டென்மார்க் மன்னரின் முடிச் சின்னத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டோம்.

கோட்டையை முற்பகலிலும் கடற்கரையை மாலையிலும் வைத்துக்கொண்டது யோசித்துச் செய்த ஏற்பாடு. இது கிழக்குக் கடற்கரை; காலையில் சூரியன் கடலுக்கு மேலே நேராக முகத்தில் அடிக்கும், மணலில் எங்குமே நிழல் இருக்காது. மாலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கும்போது கோட்டையின் நிழலே கடற்பக்கம் நீண்டு விழும். கோட்டையின் தடித்த சுவர்களும் வளைவுக் கூரை அறைகளும் முற்பகல் வெயிலில் நல்ல குளிர்ச்சியாக இருக்கும். பலரும் வந்தவுடன் நேரே கடலுக்குப் போய்விட்டு, உச்சிப்பொழுதில் களைத்துப்போய்க் கோட்டைப் படி ஏறுகிறார்கள். குழந்தைகள் உள்ளவர்கள் இதை மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. கோட்டை திறக்கும் நேரத்தையும் வார விடுமுறை நாளையும் முதல் நாளே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

டேன்ஸ்போர்க் என்று டென்மார்க்காரர்கள் பெயரிட்ட இந்தக் கோட்டைக்கான இடத்தை, 1620-ல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதர் அவர்களுக்குக் கொடுத்தார். மிளகு வாணிகம்தான் அவர்களுடைய முதல் நோக்கம். இரகுநாதர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகனில் உள்ள அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இந்தச் செய்திகளையெல்லாம் முந்தின இரவே வீட்டில் பேசி முடித்திருந்தோம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று இது: தகவல் பலகைகளைப் படிக்கும் வேலையை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். பலகை முன்னால் நின்று நான்கு வரி படிப்பதற்குள் இரண்டு வயதுக் குழந்தை படிக்கட்டின் பாதியில் இருக்கும்.

கீழ்த்தள அறைகள் கிடங்காகவும் சமையலறையாகவும் சிறையாகவும் பயன்பட்டவை. குழந்தைகளுக்கு அவற்றில் பிடித்தது எதிரொலி. பெரியவன் ஒரு கூவல் போட்டுவிட்டுத் திரும்பி வரும் ஓசைக்காகக் காத்திருந்தான், பிறகு சிறியவளும் சேர்ந்துகொண்டாள். அன்று கூட்டம் இல்லாததால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, கால் மணி நேரம் அதிலேயே போனது. வெளியே முற்றம் அகலமாகவும், நாற்புறமும் மதில் சூழ்ந்தும் இருப்பதால் ஓடி விளையாட நல்ல இடம். அங்கே இருந்த பீரங்கிகள் பெரியவனை ஈர்த்தன. இரும்பு வெயிலில் வெகுவிரைவில் சூடேறிவிடும். பிள்ளையை அதன்மேல் உட்காரவைத்துப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தங்கள் உள்ளங்கையை வைத்துப் பார்க்கட்டும்.

மேல்தளம்தான் கவனம் தேவைப்படும் இடம். கடலைப் பார்த்த திறந்த வெளியும் மதிலின் இடைவெளிகளும் பெரியவர்களின் உயரத்தைக் கருதிக் கட்டியவை. தவழ்ந்து ஏறும் குழந்தையை அவை தடுக்காது. இங்கேதான் எங்கள் வீட்டில் வகுத்துக்கொண்ட ஒரு வழக்கம் பயன்பட்டது. நான்கு பெரியவர்கள் கூட இருக்கும்போது குழந்தைக்குப் பாதுகாப்பு நான்கு மடங்காகிவிடுவதில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று எண்ணுவதால் உண்மையில் ஒருவருமே பார்க்காத நிமிடங்கள் உண்டாகின்றன, அதுவும் திருமணக் கூட்டம் போன்ற உறவினர் நிறைந்த இடங்களில் இது இன்னும் மோசம். அதனால் எந்தக் குழந்தை யாருடைய பொறுப்பு என்பதை வாய்விட்டுச் சொல்லியே மாற்றிக்கொள்வது என்று வைத்திருந்தோம். “அத்தை, இவனை உங்களிடம் விடுகிறேன்” என்று நான் சொல்ல வேண்டும். “சரிம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று அவர் பதில் சொன்ன பிறகுதான் என் கையை எடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் பொறுப்பு மாறவில்லை என்று பொருள். முதலில் கேட்டபோது மாமியாருக்கு இது வேடிக்கையாக இருந்தது. கோட்டையின் மேல்தளத்துக்கு வந்ததும் மற்ற எல்லோரைவிடவும் அவர்தான் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார்.

கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தை முறை வைத்துப் பார்த்தோம். இருவர் உள்ளே போகும்போது இருவர் முற்றத்தில் குழந்தைகளோடு இருந்தார்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மாறினோம். பீங்கான் பாத்திரங்கள், பழைய டேனிஷ் ஆவணங்கள், வாள்கள், ஈட்டிகள் எல்லாவற்றையும் நிம்மதியாகப் பார்க்க முடிந்தது. கடைசியாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் திமிங்கலத்தின் எலும்பையும் பெரிய ஆட்டுக்கல்லையும் மட்டும் காட்டினோம். திமிங்கலம் எவ்வளவு பெரிய உயிரினம் என்று விளக்குவதற்குள் பெரியவனின் கவனம் ஆட்டுக்கல்லுக்குப் போய்விட்டது. வீட்டில் இருப்பதைப் போன்ற ஒன்று இத்தனை பெரிதாக இருக்கிறதே என்பதுதான் அவனுக்கு வியப்பு.

சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுபோனதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. நெய் விட்ட பருப்புச் சாதத்தைச் சிறிய எவர்சில்வர் டப்பாக்களில் தனித்தனியாக வைத்திருந்தேன். தயிர் சாதத்துக்கு, காலையில் குழையப் பிசைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி ஒரே ஒரு கரண்டித் தயிர் சேர்த்தால் மதியத்தில் புளிப்பில்லாமல் சரியாக உறைந்திருக்கும். தயிரையே ஊற்றிப் பிசைந்தால் வெயிலில் புளித்துவிடும். கொதிக்கவைத்து ஆறிய நீரை இரண்டு பாத்திரங்களில் எடுத்துக்கொண்டோம். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றும் பையில் இருந்தது. அதை உறையில் குறிப்பிட்ட அளவு நீரில் முழுப் பொட்டலமாகத்தான் கரைக்க வேண்டும், கிண்ணத்தில் சிட்டிகை சிட்டிகையாகப் போடக்கூடாது. அன்று அதற்குத் தேவை ஏற்படவில்லை. குழந்தை வழக்கம்போல் சிறுநீர் கழிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தால், நீர் குறைவதை முன்கூட்டியே அறிந்துவிடலாம்.

உச்சிப்பொழுதை எங்கே கழிப்பது என்பதுதான் இப்படிப்பட்ட பயணங்களில் பலரும் யோசிக்காமல் விடும் கேள்வி. தரங்கம்பாடியின் பாரம்பரிய விடுதிகளில் சில மணி நேரத்துக்காக அறை எடுப்பது எங்கள் கைக்கு அடங்காது. ஏழெட்டுக் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் திருக்கடையூர் இதற்கு நல்ல விடை. அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் வருகிறவர்களுக்காக அந்தச் சிறிய ஊரில் தங்கும் விடுதிகள் நிறைய இருக்கின்றன. முகூர்த்தம் இல்லாத நாளில் அவற்றில் பல அறைகள் காலியாகவே கிடக்கும். அரை நாளுக்கு எவ்வளவு என்று கேட்டுப் பேசிக்கொள்ளலாம். முகூர்த்த நாளில் போனால் அறையும் கிடைக்காது, மாலையும் கழுத்துமாக வரும் கூட்டத்தில் வண்டியும் நகராது. நாங்கள் 11.30-க்குப் போய்ச் சேர்ந்து, குழந்தைகளின் கால் கைகளைக் கழுவி, சோறு ஊட்டி, அதே பருத்திப் புடவையில் தரையில் படுக்கை விரித்தோம். வீட்டில் படுக்கும்போது இருவருக்கும் பழக்கமான தலையணை உறையை எடுத்துப்போனது நல்லதாயிற்று. வேற்றிடத்தில் அந்த மணம் போதும், மறுப்பில்லாமல் உறங்கினார்கள். பெரியவர்களும் முறை போட்டுக் கண்ணயர்ந்தோம். டயபர் மாற்றுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது ஆகிய எல்லாமே இந்த அறையில் முடிந்துவிட்டதால் வெளியிடங்களில் கழிப்பறை தேடும் தொல்லை பெரிதும் குறைந்தது. பயன்படுத்திய டயபர்களைக் கெட்டியான பையில் கட்டி வீட்டுக்கே கொண்டுவந்தோம். கடற்கரையில் அவற்றைப் புதைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் பொறுமை கிடையாது.

மாலை 4 மணிக்கு மீண்டும் தரங்கம்பாடி. காற்று எழுந்திருந்தது. இங்குள்ள கடற்காற்றில் ஓசோன் நிறைந்திருப்பதாக ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை அந்தக் காற்றின் பயன் பசியைக் கிளப்பிவிடுவதுதான், பெரியவன் இறங்கிய உடனேயே மறுபடியும் பழம் கேட்டான். கோட்டை நிழலில் விரிப்பைப் போட்டு, மண்ணை அள்ள இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைக் கொடுத்தோம். அதற்கு மேல் எந்த விளையாட்டுப் பொருளும் தேவைப்படவில்லை. தண்ணீரில் இறக்கவில்லை. அலை வேகமாக வரும் கரை இது. குழந்தையின் முழங்கால் அளவு நீரே அதன் காலை வாரிவிடப் போதும். கடல் பார்ப்பதற்கு, மணல் விளையாடுவதற்கு என்று பிரித்துச் சொல்லிவிட்டால், ஒரு முறை அழுதுவிட்டு ஏற்றுக்கொள்கிறார்கள்.

வடக்கே கொஞ்சம் நடந்தால் கரை விளிம்பிலேயே மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் எழுந்த அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்த ஊர் பட்ட பாடு மாமியாருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நெடுநேரம் பேசவில்லை. கொட்டியிருக்கும் கற்கள் வழுக்கும், இடுக்குகளில் கால் மாட்டிக்கொள்ளும். ஆகையால் அந்தப் பகுதியில் குழந்தைகளைக் கீழே இறக்கவே இல்லை. என் கணவர் இருவரையும் இரண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார், நாங்கள் மூவரும் போய் வந்தோம், பிறகு அவர் மட்டும் போனார்.

இதற்குள் மணி 5.30 ஆகிவிட்டது. பூம்புகாரையும் பார்த்துவிடலாமே, 25 கிலோமீட்டருக்குள்தானே என்று ஓட்டுநர் ஆசை காட்டினார். ஓரகத்திக்கும் கொஞ்சம் சபலம். அங்கே போய்ச் சேரும்போது இருட்டிவிடும், குழந்தைகளுக்கு இரவுச் சாப்பாட்டு நேரமும் ஆகிவிடும் என்பதால் விட்டுவிட்டோம். கிளம்புமுன் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து, குடத்தில் கொண்டுபோயிருந்த நீரால் இருவரையும் கழுவி, உலர்ந்த இரவு உடையையே உடுத்திவிட்டோம். வழியில் உறங்கிவிட்டால் வீட்டில் எழுப்பாமல் அப்படியே படுக்கையில் கிடத்தலாம். செம்பனார்கோயிலில் வண்டியை நிறுத்தி மீதியிருந்த தயிர் சாதத்தை ஊட்டினோம். சிறியவள் நினைத்தபடி உறங்கினாள். பெரியவன் கும்பகோணம் வரை விழித்திருந்து, வழியில் வந்த லாரிகளை எண்ணாமல் விடவில்லை, மூன்றுக்கு மேல் அவனுக்கு எண் தெரியாது என்றாலும்.